அதே எழுபது

எழுபது வயது தாண்டியவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தால், உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 முதல் 80 வரை இருக்கும். இருபது வயதுப் பேரனுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். அதற்குப் பின்னால் நடக்கும் சரிக்கட்டல் எனக்குத் தீராத வியப்பு.

இதயத்தின் வலது மேலறையில், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு திசு ஒன்று இருக்கிறது. கீத், ஃபிளாக் என்ற ஆய்வாளர்கள் 1907-இல் விவரித்தது. நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால் இளம் வயதில் அது நிமிடத்துக்கு நூறு தடவையாவது துடிக்கும். வேகஸ் நரம்புதான் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து எழுபதில் நிறுத்துகிறது. வயது ஏற ஏற அந்தத் திசுவில் துடிப்பூட்டும் உயிரணுக்கள் குறைந்து நாரும் கொழுப்பும் சேர்கின்றன. அதன் சொந்த வேகம் தளர்கிறது. வேகஸும் பிடியைத் தளர்த்துகிறது. கூட்டல் கழித்தல் போக, அதே எழுபது!

படி ஏறும்போதுதான் வயது தெரியும். அட்ரினலின் எவ்வளவு அதட்டினாலும் பழைய வேகம் வராது. ஆணோ பெண்ணோ, உச்சத் துடிப்பு பத்தாண்டுக்குச் சுமார் 7 குறைகிறது. முதிய இதயம் அதற்காகச் சோர்ந்துவிடுவதில்லை. அறையைச் சற்று அதிகம் நிரப்பிக்கொண்டு, ஒரு துடிப்புக்குக் கூடுதல் ரத்தம் தள்ளப் பார்க்கிறது.

சட்டென எழுந்தால் மட்டும் சிக்கல். ரத்த அழுத்தம் இறங்குவதைக் கழுத்துத் தமனியின் உணரிகள் சொன்னாலும், துடிப்பு இளமையில் போலச் சுறுசுறுப்பாகக் கூடுவதில்லை, தலை சுற்றும். பாட்டிமார் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, “முருகா” என்று சற்று உட்கார்ந்துவிட்டு எழுவார்கள். மருத்துவர்கள் சொல்லும் யோசனையும் அதுதான், முருகனைத் தவிர.