370 கழித்தல் 90

உங்களிடம் ஒரு பைக் இருக்கிறது. இருப்பது சூரத்தில். பிழைப்பு, வைரத்துக்குப் பட்டை தீட்டுவது. சொந்த ஊர் பாவ்நகர் பக்கத்தில் ஒரு கிராமம். தீபாவளி வருகிறது. எப்படி ஊருக்குப் போவீர்கள்?

'நான் மாம்பலத்தில் இருக்கிறேன், எனக்கெதற்கு சூரத்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கணக்கு கடைசியில் நாகப்பட்டினம் வரை வரப்போகிறது.

குஜராத் மேப்பைப் பார்த்தால், தெற்கிலிருந்து கடல் நிலத்துக்குள் நுழைந்து ஒரு பிளவு போட்டிருப்பது தெரியும். அதுதான் காம்பத் வளைகுடா. பிளவின் கிழக்குக் கரையில் சூரத், மேற்குக் கரையில் பாவ்நகர். நடுவில் தண்ணீர். சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் வடக்கே ஏறி, பரூச், வடோதரா எல்லாம் தாண்டி, வளைகுடாவின் தலையைச் சுற்றிக்கொண்டு மறுபடி தெற்கே இறங்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பதற்குப் பாடப் புத்தகத்தில் படம் போட வேண்டுமானால் இதைப் போடலாம்.

அதனால் 2020 நவம்பர் 8-ம் தேதி, சூரத் பக்கம் ஹஜீராவுக்கும் பாவ்நகர் பக்கம் கோகாவுக்கும் இடையே கார், லாரி, பைக் எல்லாம் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி கப்பலைப் பிரதமர் தொடங்கிவைத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். சாலையில் 370 கிலோமீட்டர், கடலில் 90. சரக்கு வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆவது, நாலு மணி நேரமாகும். நாளொன்றுக்கு சுமார் 9,000 லிட்டர் எரிபொருள் மிச்சம். அரசுக் குறிப்பு சொன்ன கணக்கு இது. நல்ல கணக்குதான். நானும் தட்டினேன், டி.வி. முன்னால் உட்கார்ந்து.

அப்புறம்தான் பைக்காரருடைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் உதைத்தது.

பேப்பரும் பென்சிலும் எடுங்கள். 370 கிலோமீட்டர். உங்கள் பைக் லிட்டருக்கு 45 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டேகால் லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே போட்டால் 825 ரூபாய். தேசிய நெடுஞ்சாலையில் டூவீலருக்கு டோல் கிடையாது. வழியில் இரண்டு டீ, ஒரு சாப்பாடு. ஆயிரத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தால்? அதே எட்டேகால் லிட்டர்தான். மைலேஜ் கொஞ்சம் குறையலாம், சாப்பாடு ஒன்று கூடும். அவ்வளவுதான்.

கப்பலில் அப்படி இல்லை. பைக்குக்கு ஒரு கட்டணம், பின்னால் உட்கார்ந்தவருக்குத் தனி டிக்கெட். கரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டும் பெட்ரோல் தனி.

கார்க்காரரின் கணக்கு வேறு. லிட்டருக்குப் பதினைந்து என்றால் 25 லிட்டர், 2,500 ரூபாய், அதற்குமேல் டோல். லாரிக்கு இன்னும் பெரிய தொகை. ஆக, ஃபெர்ரியால் பெட்ரோல் காசில் அதிகம் மிச்சம் பிடிப்பவர் லாரிக்காரர், அடுத்து கார்க்காரர். கடைசியில் பைக்காரர். 9,000 லிட்டரில் அவருடைய பங்கு ஒரு சொம்பு.

அரசின் எதிர்பார்ப்பிலேயே இது தெரிந்தது. வருஷத்துக்கு 5 லட்சம் பயணிகள், 80,000 கார் முதலான வண்டிகள், 50,000 டூவீலர்கள், 30,000 லாரிகள் என்று சொன்னார்கள். கவனியுங்கள். நாட்டில் பதிவான வண்டிகளில் நாலில் மூன்று டூவீலர். கப்பலில் மட்டும் காரைவிடக் குறைவு. நீண்ட தூரத்துக்குக் காரும் பஸ்ஸும்தானே என்பீர்கள், நியாயம்தான். ஆனாலும் நாளைக்கு 137 பைக் என்பது சூரத் மாதிரி ஊருக்கு ஒரு டீக்கடை வாசல் கூட்டம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பைக் கப்பலில் இடத்தையே அடைப்பதில்லை. ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலைந்து பைக் நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவே காலியாகக் கிடக்கும் சந்தில்கூட ஸ்டாண்டு போட்டுக் கயிற்றால் கட்டிவிடலாம். பைக் வராவிட்டால் அந்தச் சந்து சும்மாதான் போகும். அப்படியிருக்க, பைக் கட்டணத்தைச் சாலைப் பெட்ரோல் செலவுக்குக் கீழே வைப்பதால் கப்பல்காரருக்குக் குடிமுழுகிப் போகாது. காரின் கட்டணத்தைப் பார்த்து 'இதில் இத்தனை பங்கு' என்று பைக்குக்கு விலை வைப்பதுதான் தப்பு. காருக்கு எதிரி 2,500 ரூபாய்ச் சாலை. பைக்குக்கு எதிரி 825 ரூபாய்ச் சாலை.

* * *

சரி, காசு போகட்டும். சௌகரியம்?

370 கழித்தல் 90 என்பது துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குப் போட்ட கணக்கு. நாம் யாரும் ஜெட்டியில் குடியிருப்பதில்லை. வராச்சாவிலோ கதார்காமிலோ இருக்கும் தொழிலாளி சூரத் நெரிசலைத் தாண்டி ஹஜீரா போக வேண்டும். முன்னதாகவே போய் வரிசையில் நிற்க வேண்டும். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும், அது நமக்காகக் காத்திராது. அந்தக் கரையில் இறங்கி கோகாவிலிருந்து கிராமத்துக்கு மறுபடி ஓட்டம். கடலில் நாலு மணி நேரம் என்பது வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆறரை, ஏழு என்று நீளும். பைக்கில் விடாமல் ஓட்டினால் எட்டு, ஒன்பது. வித்தியாசம் இரண்டு மணி நேரம்தானா என்று உங்கள் மைத்துனர் கேட்பார். மைத்துனர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, கப்பல் நாளைக்கும் இருக்குமா என்பது. இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இதே கோகாவிலிருந்து எதிர்க்கரை டஹேஜுக்கு முதலில் ஒரு ஃபெர்ரி வந்தது. 615 கோடி ரூபாய்த் திட்டம். 2017 அக்டோபரில் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தொடங்கி, 2018-ல் வண்டிகளையும் ஏற்றியது. சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், கடலில் சுமார் முப்பது, ஒரு மணி நேரத்துச் சங்கதி. அதாவது ஹஜீரா வழியைவிடப் பன்மடங்கு நல்ல பேரம். பைக்காரருக்கென்றே செய்த மாதிரி.

அது நின்றுபோனது. டஹேஜ் இருப்பது நர்மதை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். நர்மதை, தபதி, மாஹி, சாபர்மதி என்று நாலு நதிகளும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிற வளைகுடா அது. போதாததற்கு அங்கே கடல் ஏறி இறங்குவது சுமார் பத்து மீட்டர். நம் மெரினாவில் ஒரு மீட்டர் ஏறினாலே அதிகம். மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்கும்போது அடியில் இருக்கும் மண் சும்மா இருக்குமா? தோண்டத் தோண்ட நிரம்பியது. கப்பல் மிதக்க ஆழம் போதவில்லை. அந்தத் தடத்தில் ஓடிய 'வாயேஜ் சிம்ஃபனி' என்கிற கப்பலைத்தான் பிறகு ஹஜீராவுக்கு ஓட்டினார்கள்.

இயற்கையோடு மல்லுக்கட்டி இவ்வளவு செய்ததே பெரிய விஷயம். ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவே, அலையோடு ஏறி இறங்கும் இரும்புப் பாலம் ஒன்றை அமைத்திருந்தார்கள். நிஜமாகவே கெட்டிக்கார வேலை. என் குறை இன்ஜினீயர்கள் மேல் இல்லை. ஒரு தடத்தை நம்பி வேலையையும் வாழ்க்கையையும் அமைத்துக்கொண்ட ஆளுக்கு, அது நிற்கும் நாளில் 370 கிலோமீட்டர் மொத்தமாகத் திரும்பிவந்துவிடுகிறது. அந்தச் செலவை யாரும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

சௌகரியம் என்றால் என்னவென்று பார்க்கக் கொச்சிக்குப் போங்கள். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பீனுக்கும் நடுவே 2018-லிருந்து 'சேது சாகர்' என்ற பெயரில் இரண்டு ரோ-ரோ படகுகள். ஐந்து நிமிஷம்தான். படகு இல்லையென்றால் எர்ணாகுளத்தைச் சுற்றிக்கொண்டு பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நெரிசலில் போக வேண்டும். ரிசர்வேஷன் கிடையாது. ஒரு கையில் மீன் பை, ஒரு கையில் ஹாண்டில்பார் என்று பைக்கை உருட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அங்கேயும் ஒரு படகு ரிப்பேருக்குப் போனால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஆனால் யாரும் மைலேஜ் கணக்குப் போட்டுப் பார்த்து ஏறுவதில்லை. அடிக்கடி வரும் என்று தெரியும், அதனால் போகிறார்கள்.

* * *

இனி, நான் பேச நினைத்த விஷயம்.

அரசு லிட்டரில் கணக்குப் போட்டது. பைக்காரர் ரூபாயில் போடுகிறார். இரண்டு பேரும் எழுதாமல் விட்ட ஒரு காலம் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் சொந்த அறிக்கை. இதில் டூவீலரில் போனவர்கள் 74,897. நூற்றுக்கு நாற்பத்து நாலரை. தீபாவளிக்கு முந்தின இரவு, ஷிஃப்ட் முடித்துவிட்டு, மனைவி பின்னால், குழந்தை நடுவில், ஸ்வீட் டப்பா டேங்க் மேல் என்று லாரிகளுக்கு நடுவே 370 கிலோமீட்டர் ஓட்டுபவர்தான் அந்த வரிசைக்குப் பக்கத்தில் நிற்பவர்.

கார்க்காரருக்குக் கப்பல் என்பது பெட்ரோல் மிச்சம், கொஞ்சம் கடல் காற்று. பைக்காரருக்கு அது நாலு மணி நேரம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்கிற உத்தரவாதம். ரூபாயில் குறைவாக மிச்சம் பிடிக்கிற அவருக்குத்தான் உயிரில் அதிகம் மிச்சம். அதனால்தான் சொல்கிறேன்: பைக் கட்டணத்தைக் குறைப்பது சலுகை இல்லை. 825 ரூபாய்க்கும் கப்பல் கட்டணத்துக்கும் நடுவே ஒரு இருநூறு, முந்நூறு இடித்தால், அந்த இருநூறுக்காக ஒருவர் ராத்திரிச் சாலையைத் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது ஒரு நாள் கூலியில் பாதியாக இருக்கலாம்.

குஜராத்தியில் ஒரு பழமொழி உண்டு. 'லங்கைப் பெண்ணும் கோகா மாப்பிள்ளையும்' என்று. அந்தக் காலத்தில் கோகாவிலிருந்து கடல் வழியாக எவ்வளவு தூரம் போய்வந்தார்கள் என்பதற்கு அடையாளம். கோகா மாப்பிள்ளையை விடுங்கள், லங்கைக்கு நம் நாகப்பட்டினத்திலிருந்தே ஃபெர்ரி வந்தாயிற்று. 2023 அக்டோபர் 14-ல் காங்கேசன்துறைக்குத் தொடங்கி, மழைக்காலம் என்று ஒரு வாரத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஆட்கள் மட்டும்தான். பைக் ஏற்றுகிற கப்பல் இல்லை அது. என்றைக்காவது 'உங்கள் பைக்கோடு யாழ்ப்பாணம்' என்று விளம்பரம் வரலாம். அன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று கேட்காதீர்கள். வருஷத்தில் எத்தனை நாள் ஓடும், என் வீட்டிலிருந்து போகிற வீடுவரை எவ்வளவு நேரம், பைக்குக்கு விலை வைத்தது யாரைப் பார்த்து என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வியை உங்கள் பின் சீட்டில் இருப்பவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். "மழை வந்தா ஓடுமாங்க?"