எண்ணெய் வார்த்த கைகள்

வடக்கேயிருந்து கடலூர் வழியாகத் தில்லைக்கு வந்து, சிவகங்கைத் தீர்த்தத்தில் ஸ்நானம் செய்து, நடராஜரைத் தரிசித்துவிட்டுக் கொள்ளிடத்தைக் கடந்த இராமேசுவர யாத்திரிகனுக்கு, அக்கரையில் தஞ்சைச் சமஸ்தானத்துச் சத்திரங்கள் நிழலும் சோறும் தந்தன. அவற்றுள் பல அரண்மனைப் பெண்டிரின் பெயர் தாங்கியவை; நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும் இன்றும் அப்பெயர்களாலேயே வழங்குகின்றன.

இவற்றை வெறும் அன்னசாலைகள் என்று கருதுவது பிழை. 1801இல் இரண்டாம் சரபோஜி மன்னர், ஆங்கிலேயரின் ரெசிடெண்டாயிருந்த டாரினுக்கு எழுதிய கடிதம், நள்ளிரவில் மணியடித்து அதுவரை உண்ணாதவரை அழைத்துச் சோறிட்டதையும், சத்திரத்தில் பிரசவித்த பெண்ணை மூன்று மாதம் வைத்துப் பேணியதையும், அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளை உணவளித்து நான்கு நாளைக்கொரு முறை எண்ணெய் தேய்த்ததையும் விவரிக்கிறது. பசித்தவனுக்குச் சோறிட எவருக்கும் தோன்றும். ஊர் பேர் தெரியாத பிள்ளையின் உடற்சூட்டை நாள் கணக்கிட்டுத் தணிக்க வேண்டும் என்ற எண்ணம், பிள்ளை வளர்த்த அநுபவத்திலிருந்தன்றி வேறெங்கிருந்தும் வந்திருக்க இயலாது என்றே நான் நம்புகிறேன்.

ஆயினும் இத்தர்மம் சத்திரங்களுக்கு விடப்பட்ட கிராமங்களின் வருமானத்தையே நம்பி நின்றது. துருக்கியில் சுல்தானின் மனைவி ஹுர்ரெம் சுல்தானா 1556இல் எழுப்பிய ஸ்நானசாலைபோலக் கட்டணத்தால் தானே சம்பாதிக்கும் வழி இதற்கில்லை. 1799 உடன்படிக்கையால் நாட்டை இழந்த சரபோஜி, சத்திரங்களையாவது தம்மிடம் விட்டுவைக்குமாறு மன்றாட நேர்ந்தது. முக்தாம்பாள் சத்திரமோ, அவள் மறைந்தபின் அவள் நினைவாக அம்மன்னர் நிறுவியது. பெயர் பெற்றவள் அதை நடத்தியவள் அல்லள்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. எண்ணெய் தேய்த்தார்கள் என்று சொல்லும் அக்கடிதம், தேய்த்தவள் யார் என்று சொல்லவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் என் தமக்கைக்குப் பிள்ளை பிறந்தபோது விடியுமுன் ஒரு மருத்துவச்சி வருவாள். கால்களை நீட்டி உட்கார்ந்து, சிசுவைத் தன் கணைக்கால்களின்மேல் குப்புறக் கிடத்தி, உள்ளங்கையில் எண்ணெய் வார்த்து முதுகுத்தண்டின் வழியே நீவி, புறங்கையால் வெந்நீரின் சூடு பார்த்து, மூக்கில் நீர் ஏறாதபடி நெற்றியில் கையை அணைத்துக்கொண்டு ஊற்றுவாள். வீட்டார் அவளை மருத்துவச்சி என்பதன்றி வேறு பெயரிட்டு அழைத்ததில்லை. ஒருநாள், அவள் கூலியையும் பழையதையும் வாங்கிக்கொண்டு கொல்லை வழியே போகையில், அவள் பெயரென்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சற்று யோசித்தாள். பிறகு, தெரியவில்லையே என்றாள்.