திரைவாசிப்பானும் தமிழொலியும்

விழிப்புலனற்றோர் கணினியைக் கையாளுதற்குத் துணையாவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். திரையிலுள்ள எழுத்தை அது ஒலியாக்கிச் செவிக்கு உணர்த்தும். வணிகத் திரைவாசிப்பான்களின் விலை எளியோர்க்கு எட்டாதிருந்தமை கண்டு, தாமும் விழிப்புலனற்றவரான மைக்கேல் கரன் என்னும் ஆஸ்திரேலியர் 2006இல் என்.வி.டி.ஏ.யை ஆக்கத் தொடங்கினார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பாராட்டுவோர் பெரும்பாலும் விலையின்மையைக் கூறி அமைவர். திருத்தும் உரிமை அதனினும் பெரிது என்பது தமிழைக் கொண்டு நோக்குமிடத்துப் புலனாகும்.

அதனுடன் வரும் ஈஸ்பீக் என்னும் செயற்கைக் குரல் தமிழும் பேசும். அக்குரலில் இனிமை குறைவு; பழகிய செவி அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஒலிப்பில் நேரும் பிழையோ பொருளையே கெடுப்பது. 'பாவம்' என்பது தீவினையா, ஆடலில் தோன்றும் மெய்ப்பாடா என்பதை எழுத்துக் காட்டாது. மருதமுனையிலே விழிப்புலனற்ற மாணவி ஒருத்தி தன் வகுப்புப் பெயர்ப்பட்டியலைக் கேட்கின்றாள் எனக் கொள்க. 'பாத்திமா' என்னும் பெயரின் முதலொலி ஊரார் நாவில் பல்லும் இதழும் உரசப் பிறப்பது, எழுத்தோ பகரம். எழுத்தின்வழியே செல்லும் பொறி அவள் தோழியை வேறொருத்தி ஆக்கிவிடும்!

இக்குறையை நீக்க வழியுண்டு. ஈஸ்பீக்கின் தமிழ் ஒலிப்பு விதிகளும் விலக்குச் சொற்பட்டியலும் எளிய உரைக்கோப்புகளாகவே உள்ளன. அவற்றைத் திருத்தக் கணினிப் புலமையினும் இலக்கணப் பயிற்சியே மிகுதியும் வேண்டும். எழுத்துகளின் பிறப்பியலை வகுப்பறையில் ஆண்டுதோறும் விரித்துரைக்கும் தமிழாசிரியர் இப்பணிக்குப் பெரிதும் உரியர். அவரிடம் இதனை எவரும் கேட்டிலர் போலும்.

மென்பொருளைக் குறைகூறுமுன் நம் அச்சுவழக்கையும் நோக்குதல் தகும். ஈழத்தில் நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டெழுதினால், கணினியுள் பதிவது ஆங்கில எழுத்துக் கோவையே. திரைவாசிப்பான் அதனை 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றே காணும். ஒருங்குறியில் எழுதினாலன்றி எத்துணைச் சிறந்த குரலும் அதனை அம்மா என்று படிக்க இயலாது. பக்கங்களைப் படமாக வருடி வைப்பதும் இத்தகையதே. எழுத்துணரியாற் பெயர்த்தாலன்றி அப்படம் பேசாது. கல்லூரி ஆண்டு மலர்கள் பலவும் இவ்விரு வகையுள் ஒன்றிலே கிடக்கின்றன.