ஓடும் பருப்பும்

"படங்கள் மலிந்த கதைநூலால் பிள்ளைகளுக்கு என்ன பயன்? நீதி எங்கே எழுதியிருக்கிறது?" எனக் குழித்துறைப் பெற்றோர் எம்மிடம் வினவுவதுண்டு. பஞ்சதந்திர வழிவந்த 'கலீலா வ திம்னா'வைக் கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் அரபியில் தந்த இப்னுல் முகஃப்பஃ, முன்னுரையிலேயே இதற்கு விடை கூறியுள்ளார்: விலங்குகளின் உருவங்கள் உள்ளத்தை மகிழ்விக்கும், ஆயினும், ஓட்டை உடைத்தாலன்றிப் பருப்பின் பயன் கிட்டாது.

இவ்வளவுகோல் கொண்டு, சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் 'இஸ்மத்தின் ஈத்' நூலை நோக்குவோம். ஃபவ்ஸியா கிலானி வில்லியம்ஸ் எழுத, ப்ரோய்தி ராய் படம் வரைந்த இது, பழைய துருக்கியக் கதையின் மறுகூறல். செருப்புத் தைக்கும் இஸ்மத் பெருநாளுக்கு வாங்கிய கால்சட்டை நான்கு விரற்கடை நீளம் மிகுந்தது. குறைத்துத் தரக் கேட்டபோது வீட்டாருக்கு ஓய்வில்லை. பின்னர் அன்பு மேலிட்டு, ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமல், ஒவ்வொருவரும் குறைத்துவிடுகின்றனர்!

இக்கதைக்கு நீதியுரை வேண்டியதில்லை. சிரித்து முடித்த குழந்தை, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று தானே சொல்லும். மஷூராவின் அருமையை அது உணர்ந்துகொண்டது. கடைசிப் பக்கத்தில் நீதியை அச்சிடும் நூல்களோ, பருப்பை உரித்து ஊட்டுகின்றன. பிள்ளையின் பல் வலுப்பதில்லை.

ஆதலால் பெற்றோர் நீதியைக் கேளாது, "ஏன் சிரித்தாய்?" என்று மட்டும் கேட்பார்களாக.