காற்றுப் பெட்டியில் துளையிட்டால் குதிரைத்திறன் கூடுமா?

மோட்டார் கார் பெட்ரோலால் ஓடுகிறது என்று சொல்கிறோம். இது பாதி உண்மைதான். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இதன்படி 1 லிட்டர் பெட்ரோலை எரிக்கச் சுமார் 9,000 லிட்டர் காற்று செலவாகிறது. பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. அதை எரிக்கக் கூடுதல் காற்றை உள்ளே கொண்டு சேர்ப்பதுதான் கடினம். எஞ்சினின் திறனுக்கு எல்லை வகுப்பது காற்றே.

இந்த உண்மையை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் நன்கு அறிவார்கள். அறிந்ததோடு நிற்காமல், துளையிடும் கருவியையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு தம் காரின் காற்றுப் பாதையில் கை வைக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுது வேலையில், அதிகச் செலவின்றி, எஞ்சினின் திறன் கூடிவிடும் என்பது இவர்கள் வாதம். இந்த வாதம் எவ்வளவு தூரம் சரி? உணர்ச்சிக்கு இடம் தராமல், பள்ளியில் படித்த பௌதிகத்தைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கார்

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு காரை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இதற்கு மியாட்டா என்று பெயர். இதன் முதல் எஞ்சின் 1,597 கன செ.மீ. கொள்ளளவு கொண்டது; நான்கு சிலிண்டர்கள். கையால் கியர் மாற்றும் அமெரிக்க மாதிரியில் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் 116 குதிரைத்திறன் தந்தது. காரின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. எளிய அமைப்பு உடையதாகையால், சொந்தக்காரர்கள் தாமே கழற்றி மாட்டிப் பார்க்க ஏற்ற கார் என்று பெயர் பெற்றது.

இந்தக் காரில் காற்று செல்லும் வழியைக் கவனியுங்கள். காரின் முன்புறம் இடப்பக்க மூலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதனுள் மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி. வடிகட்டியைத் தாண்டிய காற்று ஓர் அளவுமானியின் வழியாகச் செல்கிறது. அங்கே வில்விசை பொருத்திய ஒரு சிறு கதவு இருக்கிறது. காற்று அதிகம் ஓடினால் கதவு அதிகம் திறக்கும். எவ்வளவு திறந்தது என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அறிந்து, அதற்கேற்பப் பெட்ரோலைப் பீய்ச்சும். பிறகு காற்று ரேடியேட்டருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் குழாயில் சென்று, திராட்டில் என்னும் அடைப்பானைக் கடந்து, வலப்பக்கமுள்ள உள்வாங்கு குழாய்களை அடைகிறது.

எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் உள்ளே இழுக்கிறது. 6,500 சுற்றில் இது நொடிக்குச் சுமார் 86 லிட்டர். ஆறு குடம் காற்று ஒரே நொடியில் அந்தச் சிறு வழியில் பாய்கிறது! வழியில் தடை இருந்தால் திறன் குறையும் என்பதில் ஐயமில்லை. எங்கே தடை, எவ்வளவு தடை என்பதுதான் கேள்வி.

முதல் மாற்றம்: பெட்டியில் துளைகள்

மிக எளிய மாற்றம் இது. வடிகட்டிக்கு முன்னுள்ள பகுதியில் பெரிய துளைகள் இட்டுவிட்டால் காற்று தாராளமாக நுழையும் என்கிறார்கள்.

இங்கே ஒரு சிறு தவறு ஒளிந்திருக்கிறது. காற்றுப் பாதையில் உள்ள தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. நுழைவாய், வடிகட்டி, அளவுமானிக் கதவு, குழாய், அடைப்பான் என ஒவ்வொன்றும் சிறிது அழுத்தத்தை விழுங்குகிறது. இந்த எஞ்சினில் அளவுமானிக் கதவு குறுகிய ஓர் இடம். அதை அப்படியே விட்டுவிட்டு நுழைவாயை அகலமாக்குவது, திரையரங்கின் உள்கதவு குறுகலாக இருக்க வெளி வாசலைப் பெரிதாக்குவது போன்றது.

இன்னொன்று. துளையிட்டதனால் பெட்டி எந்தக் காற்றை இழுக்கிறது? எஞ்சின் அறையின் காற்றை. அது ரேடியேட்டரைக் கடந்து வந்த சூடான காற்று. இந்தக் காரில் புகைபோக்குக் குழாய்களும் பெட்டி இருக்கும் அதே இடப்பக்கத்தில்தான் உள்ளன. வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ், அறைக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி வெப்பநிலைக் கணக்கில் இவை 303, 333. சூடான காற்றின் அடர்த்தி 9 விழுக்காடு குறைவு. காற்று உள்ளே செல்லும் வழியிலும் சூடேறுவதால், திறன் அதே அளவு குறைவதில்லை. பொறியியலார் தம் திருத்தக் கணக்கில் தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் இழப்பு 4 விழுக்காட்டுக்கு மேல். இந்தக் காரில் அது சுமார் 5 குதிரைத்திறன். வேகமாக ஓடும்போது அறை ஓரளவு குளிரும். அப்போது இழப்பும் குறையும். ஆனால் துளையினால் வந்த ஆதாயத்தைவிடச் சூட்டினால் வரும் இழப்பு மிகுந்துவிடக்கூடும் என்பது தெளிவு.

இரண்டாம் மாற்றம்: கூம்பு வடிகட்டி

பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவமான திறந்த வடிகட்டியை அளவுமானியின் வாயில் மாட்டுவது அடுத்த வகை. மேலே சொன்ன வெப்பக் குறை இதற்கும் முழுமையாகப் பொருந்தும். ஆனால் இதை மாட்டியவர்கள் கார் பறக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். ஏன்?

காரணம், ஓசை. வாய் குறுகிய புட்டியின் மேல் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். இதை 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இதே தத்துவத்தில் அமைந்த பக்க அறைகளைக் கார் செய்வோர் காற்றுப் பாதையில் வைத்து, எஞ்சின் காற்றை உறிஞ்சும் உறுமலை அடக்குகிறார்கள். பெட்டியும் அதே வேலையைச் செய்கிறது. அதை நீக்கினால் உறுமல் முழுவதும் காதில் விழும். உறுமல் கூடினால் வேகம் கூடியதாக மனம் எண்ணிக்கொள்கிறது. காது சொன்னதை முதுகு நம்பிவிடுகிறது! உறுமலை விரும்புவது தவறல்ல. அதைக் குதிரைத்திறன் என்று சொல்வதுதான் தவறு.

குழாயின் நீளத்தையும் மறக்கலாகாது. வால்வு மூடும்போது காற்றில் அழுத்த அலை எழுந்து முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த அலை சரியான நேரத்தில் திரும்பி வந்தால் சிலிண்டர் நன்கு நிறையும். நீளத்தை மாற்றினால் இந்த இசைவு வேறொரு சுற்று வேகத்துக்கு நகர்ந்துவிடும். உச்ச வேகத்தில் சிறிது பெற்று, நாள்தோறும் ஓட்டும் நடுவேகத்தில் சிறிது இழப்பதும் உண்டு.

மூன்றாம் மாற்றம்: குளிர்ந்த காற்றுக்குக் குழாய்

காரின் முகப்பிலிருந்து வெளிக்காற்றை நேரே பெட்டிக்குக் கொண்டுவரும் குழாய் இது. இவற்றுள் பௌதிகத்தின் ஆதரவு பெற்ற மாற்றம் இது ஒன்றே எனலாம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆதாயம் உண்மையானது.

ஆனால் இதைப் பற்றியும் ஒரு மிகைக்கூற்று உலவுகிறது. கார் ஓடும் வேகமே காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் திணித்துவிடும் என்கிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு சுமார் 27.8 மீட்டர். அந்த வேகத்தில் காற்று தரக்கூடிய அதிகபட்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காடுகூட இல்லை. 160 கி.மீ. வேகத்திலும் அது 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஆகவே இக்குழாயின் பயன் குளிர்ச்சியில்தான் உள்ளது, திணிப்பில் அல்ல.

நான்காம் மாற்றம்: வில்விசையைத் தளர்த்துதல்

அளவுமானிக் கதவின் வில்விசையைத் தளர்த்தினாலும் இறுக்கினாலும் காற்றின் அளவு மாறுவதில்லை என்றே சொல்லலாம். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் செய்திதான் மாறுகிறது. அதாவது தராசுக்காரரை ஏமாற்றுகிறோம். இறுக்கினால் கதவு குறைவாகத் திறக்கும். பெட்ரோல் குறைவாக வரும். முழு வேகத்தில் ஓடும்போது கட்டுப்பாட்டுப் பெட்டி பிராணவாயு உணரியின் திருத்தத்தைக் கேட்பதில்லை. ஆகவே பிழை அப்படியே நின்று, கலவை வறண்டு, எஞ்சின் தட்டத் தொடங்கும். தளர்த்தினால் பெட்ரோல் வீணாகும். கருவிகள் இல்லாமல் இதில் கை வைப்பது எஞ்சினோடு சூதாடுவதே.

மைலேஜ் கூடுமா?

இதுவும் அடிக்கடி கேட்கும் கூற்று. சாதாரணமாக ஓட்டும்போது அடைப்பான் பாதிகூடத் திறந்திருப்பதில்லை. அப்போது காற்றுக்கு உள்ள பெருந்தடை நாமே காலால் வைத்திருக்கும் அந்த அடைப்பான்தான். வடிகட்டியின் தடையைக் குறைத்தால், நாம் காலைச் சற்றே தளர்த்திக்கொள்வோம். அவ்வளவுதான். செலவாகும் பெட்ரோல் மாறுவதில்லை.

அளந்து பாருங்கள்

இந்த வேலையில் ஈடுபடுவோர் பெரும்பாலும் செய்யாதது ஒன்று: அளப்பது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒளிபுகும் குழாயை U வடிவில் வளைத்து, வண்ணம் கலந்த நீரைப் பாதியளவு நிரப்புங்கள். ஒரு முனையைச் சிறு குழாயால் காற்றுப் பாதையோடு இணைத்து, மறு முனையைத் திறந்து விடுங்கள். நீர் எஞ்சினுக்குள் உறிஞ்சப்படாதபடி குழாய் நல்ல உயரமாக இருக்க வேண்டும். மூடிய தடத்தில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும், ஓட்டுபவர் பார்க்கலாகாது.

வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் நீருக்குச் சமம். எனவே இரு மட்டங்களின் வேறுபாடு 10 செ.மீ. என்றால் இழப்பு 1 விழுக்காடு. நம் காரில் அது 1 குதிரைத்திறனுக்குச் சற்று அதிகம். வடிகட்டிக்கு முன், பின், அளவுமானிக்குப் பின் என மூன்று இடங்களில் அளந்தால் தடை எங்கே என்று நீரே காட்டிவிடும். நோயை அறிந்த பிறகு மருந்து தேடலாம். மாற்றத்துக்கு முன் வேறுபாடு 10 செ.மீ., பின் 6 செ.மீ. என்றால் ஆதாயம் அரைக் குதிரைத்திறனை எட்டுவதே கடினம்.

இதன் மதிப்பு என்ன? கார் ஒரு டன் அளவு எடையுள்ளது. 1 விழுக்காடு திறனைக் கூட்டுவதும் 10 கிலோ எடையைக் குறைப்பதும் முடுக்கத்தில் ஏறத்தாழ ஒன்றே. பின்பெட்டியில் கிடக்கும் வேண்டாத சாமான்களை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலே அது கிடைத்துவிடும்! மேலும், பிற்பகலில் ஒரு முறையும் 10 டிகிரி குளிர்ந்த காலையில் ஒரு முறையும் சோதித்தால், எதையும் மாற்றாமலே காற்றின் அடர்த்தி 3 விழுக்காடு கூடியிருக்கும். அந்த லாபத்தைப் புதிய வடிகட்டியின் கணக்கில் எழுதிக்கொள்பவர்கள் எத்தனை பேர்! மாற்றத்துக்கு முன்னும் பின்னும், ஒரே நாளில், ஒரே தடத்தில், பல முறை சோதித்தால் ஒழிய முடிவு சொல்லலாகாது.

இழக்கப்போவது என்ன?

ஆதாயம் சிறிது, சரி. இழப்பும் சிறிதென்றால் விளையாட்டென்று விட்டுவிடலாம். அப்படி இல்லை என்பதால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருப்புழுதியில் குவார்ட்ஸ் என்னும் படிகத் துகள்கள் உண்டு. இவை வார்ப்பிரும்பையும் கீறவல்லவை. எண்ணெய்ப் படலத்தின் தடிமனை ஒத்த நுண்துகள்களே அதிகக் கேடு செய்கின்றன. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு வடிகட்டி 100-க்கு 99 பங்கு தூசியையும், மற்றொன்று 97 பங்கையும் தடுக்கிறது என்று கொள்வோம். வேறுபாடு இரண்டே பங்கு என்று தோன்றும். ஆனால் உள்ளே நுழையும் தூசி ஒன்றிலிருந்து மூன்றாகிறது. மும்மடங்கு! பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் அதற்கேற்பத் தேயும். தூய்மையான பக்கத்தில் தவறிப்போய் ஒரு துளை விழுந்தால் வடிகட்டி இருந்தும் பயனில்லை.

நீரின் ஆபத்து இதனினும் பெரிது. குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைத் தாழ இறக்கிச் சக்கரத்தருகே வைப்பவர்கள் உண்டு. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 399 கன செ.மீ.; அழுத்த விகிதம் 9.4. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சியிருக்கும் இடம் சுமார் 48 கன செ.மீ. மட்டுமே. நீரை அழுத்திச் சுருக்க முடியாது. தேங்கிய மழைநீரிலிருந்து அந்த அளவு, அதாவது மூன்று பெரிய கரண்டி நீர், ஒரு சிலிண்டருக்குள் புகுந்தால் போதும்; இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஒரு குதிரைத்திறனைத் தேடிப் போய் 116-ஐயும் இழக்க நேரும்.

முடிவாக

தொழிற்சாலை செய்ததெல்லாம் குறையற்றது என்று நாம் சொல்லவில்லை. அங்கே ஓசைக் கட்டுப்பாடு, விலை, இடவசதி, நீண்ட ஆயுள் எல்லாவற்றுக்கும் இடையே ஒரு சமரசம் செய்கிறார்கள். அந்தச் சமரசத்தில் சிறிது திறன் விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கலாம். அதை மீட்க முயல்வது நல்ல ஆர்வமே. தம் கையால் கழற்றி மாட்டுபவர், காசு கொடுத்துப் பழுது பார்ப்பவரைவிட எஞ்சினை நன்கு புரிந்துகொள்கிறார் என்பதும் மெய்.

எனவே நம் தீர்ப்பு இது: உயரமான இடத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாய் ஏற்கத்தக்கது. பெட்டியில் துளையும், சூடான அறையில் திறந்த வடிகட்டியும் பெரும்பாலும் ஓசையையே தருகின்றன. வில்விசையைத் தொடுவது கூடவே கூடாது. தூய்மையான காகித வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது இவை எல்லாவற்றையும்விட மலிவானது, பயன் உறுதியானது. மாணவர்களே, துளையிடும் கருவியை எடுக்குமுன் அந்த நீர்க்குழாயை எடுங்கள். அளந்தபின் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது உங்கள் சொந்த முடிவாக இருக்கும்.