கம்பெனி லாரியும் கட்டாத வரியும்

ஒரு வரிச் சட்டத்தின் தரத்தை அளக்க முதல் அளவுகோல், கடன்பட்டவர் யார் என்பதை அது எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்பதே. வரி விகிதம் கூடுவதும் குறைவதும் ஆட்சியாளர் முடிவு. கடனாளியை ஐயமறக் காட்டுவது சட்டம் எழுதுபவரின் கைத்திறன். மோட்டார் வாகன வரிச் சட்டங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கும்போது நிறையும் குறையும் ஒரே வாக்கியத்துக்குள் கிடைக்கின்றன. கர்நாடகத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம், ஆந்திரத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய நான்கிலும் அந்த வாக்கியம் ஏறக்குறைய ஒன்றுதான்: வரியைக் கட்ட வேண்டியவர் வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளர், அல்லது வண்டியைத் தம் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருக்கும் வேறொருவர். முதல் பாதி துல்லியமானது. இரண்டாம் பாதிதான் நம் விசாரணைக்கு உரியது. ஒரு நிறுவனத்தின் லாரியைச் சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் ஓட்டுகிற டிரைவர் அந்த 'வேறொருவர்' ஆவாரா?

இது நீதிமன்ற நூலகத்துக்குள் மட்டும் எழும் கேள்வி இல்லை. சரக்கு லாரிக்கான காலாண்டு வரி கெடு தாண்டியிருக்கிறது. வண்டி சோதனைச்சாவடியில் நிற்கிறது. உரிமையாளர் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருக்கிறார். அதிகாரியின் எதிரில் நிற்பவர் ஓட்டுநர். செக் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். வாசகம் தெளிவில்லாத இடத்தில் நேரில் அகப்பட்டவர் மீதே சட்டத்தின் கனம் இறங்கும். ஆகவே இந்த வாசகத்தைக் கறாராகப் படிப்பது ஓட்டுநருக்குச் செய்யும் சலுகை ஆகாது.

முதலில் அதன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். உடைமை, கட்டுப்பாடு என்ற அகலமான சொற்களைச் சட்டமன்றங்கள் காரணமின்றிச் சேர்க்கவில்லை. லாரித் தொழிலில் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயரும் வண்டியை ஆள்பவரும் வேறு வேறாக இருப்பது வழக்கமான நிகழ்வு. விற்ற பிறகும் பெயர் மாறாத வண்டி உண்டு. தவணை தவறியதால் நிதி நிறுவனம் கைப்பற்றி நிறுத்தி வைத்திருக்கும் வண்டியும் உண்டு. பதிவுப் பெயரை மட்டும் சட்டம் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த வண்டிகளின் வரி யாரிடமும் வசூலாகாது. உத்தரப் பிரதேச வரிச் சட்டத்தின் கீழ் மகிந்திரா நிதி நிறுவனம் தொடுத்த வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இதை நேராக எதிர்கொண்டது: வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்ட நாள் முதல் வரிப் பொறுப்பும் நிதி நிறுவனத்தையே சேரும் என்றது. அதற்கு முன்பே 1987இல், கர்நாடக அரசு எதிர் கோபாலகிருஷ்ண ஷெணாய் வழக்கில், பதிவு நடப்பில் இருக்கும்வரை வண்டி ஓடும் நிலையில் இல்லை என்பதே வரியிலிருந்து விலக்கு ஆகிவிடாது என்று அதே நீதிமன்றம் நிலைநாட்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளும் வண்டியின் பலன் யார் கையில் இருக்கிறதோ அவரைத் தேடிச் செல்பவை. அந்தத் தேடலுக்கு அகலமான சொல் வேண்டும். அந்த அளவில் வாசகம் வென்றிருக்கிறது.

குறை, அந்த அகலத்துக்கு எல்லை குறிக்காமல் விட்டதில் இருக்கிறது. சொல்லைத் தனியாக எடுத்துப் படித்தால், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரை விட வண்டியைக் கட்டுப்படுத்துபவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடையாது. இந்தப் படிப்பு எளிதானது. ஆனாலும் பிழையானது. அது பிழை என்பதற்குச் சான்று அதே பிரிவுக்குள்ளேயே கிடைக்கிறது. வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று சொல்லும் பிரிவு, காலாண்டுக்கா, அரையாண்டுக்கா, ஆண்டுக்கா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையையும் அதே நபருக்கே தருகிறது. அடுத்த ஓராண்டுக்கு வண்டி எப்படி ஓடும், எவ்வளவு ஈட்டும் என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கக் கூடியவருக்கு மட்டுமே அந்தத் தேர்வுரிமை பொருந்தும். லோடு இறக்கியதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவருக்கு அது பொருந்துமா? பிரிவின் பிற்பகுதி முற்பகுதிக்கு உரை எழுதுகிறது. கட்டுப்பாடு என்பது இங்கே வண்டியின் பொருளாதாரத்தின் மீதான கட்டுப்பாடு.

இந்த வாசிப்புக்குத் துணை நிற்கும் பழைய நெறி ஒன்றும் நம் சட்டத்தில் உண்டு. பணியாளின் கையில் முதலாளிக்காக இருக்கும் பொருள் முதலாளியின் உடைமையே என்பதை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 27ஆம் பிரிவில் எழுதி வைத்தது. விபத்து இழப்பீட்டுச் சட்டமும் இதற்கு இணங்கவே போகிறது. ராஜஸ்தான் மாநிலப் போக்குவரத்துக் கழகம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய தனியார் பேருந்து பற்றிய கைலாஷ் நாத் கோத்தாரி வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் பேருந்தின் கட்டுப்பாடும் ஓட்டுநரின் மீதான கட்டுப்பாடும் கழகத்திடமே இருந்தன என்று கண்டது. அந்தப் பார்வையில் ஓட்டுநர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். கட்டுப்பாட்டை உடையவர் வேறு ஒருவர்.

நுணுகிப் பார்க்கும் வாசகர் இங்கே ஒரு தடை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். தண்டனைச் சட்டத்தின் உடைமை திருட்டு, நம்பிக்கை மோசடி போன்றவற்றுக்காக வரையறுத்தது. விபத்து வழக்கின் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தேடித் தருவதற்கானது. வரிச் சட்டத்தின் நோக்கம் வேறு. ஒரு துறையின் சொற்பொருளை இன்னொன்றுக்குக் கடத்துவதில் தவறு நேரலாம். தடை நியாயமானதே. அதனால்தான் என் வாதத்தின் பாரத்தைத் தேர்வுரிமை வாசகத்தின் மேல் வைக்கிறேன். மற்ற இரண்டும் பக்கத் துணை மட்டுமே. கம்பெனி லாரியின் வரிக்கடன் ஓட்டுநரின் கடன் அன்று என்ற முடிவு வரிச் சட்டத்தின் சொந்த வாசகத்திலிருந்தே பிறக்கிறது. ஆனால் அது ஊகித்து எட்டிய முடிவு. வெளிப்படையாக எழுதிய முடிவாக அது இருந்திருக்க வேண்டும்.

கடனையும் தண்டனையையும் பிரித்துப் பார்க்காத வாதம் இந்தத் துறையில் நெடுந்தூரம் போகாது. கடன் உரிமையாளருடையது என்றாலும், வரி கட்டாத வண்டியைச் சாலையில் ஓட்டியது தனிக் குற்றம் ஆகலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் தண்டனைப் பிரிவுகள் பலவற்றில் ஓட்டியவரையே முதலில் வைக்கிறது. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192ஏ, அதிக பாரம் ஏற்றி ஓட்டினால் 194, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 196. மூன்றிலும் ஓட்டியவரும், ஓட்டச் செய்தவரும், ஓட்ட விட்டவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இவற்றின் அபராதங்களும் சிறியவை அல்ல. அதிக பாரத்துக்கு மட்டும் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

ஆயினும் அந்த மையச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதிக பாரத்தைப் பற்றிய 113ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, ஓட்டியவர் உரிமையாளர் அல்லாதபோது அந்தக் குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவர் ஏவலாலேயே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்கிறது. ஓட்டுநரை அது விடுவிக்கவில்லை. உரிமையாளர் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விடாமல் தடுக்கிறது. அரை நீதிதான், என்றாலும் திசை சரி.

முழு நீதி இன்சூரன்ஸைப் பற்றிய 146ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் விளக்கக் குறிப்பு, வெறும் சம்பளப் பணியாளராக வண்டியை ஓட்டுகிறவர், காப்பீடு நடப்பில் இல்லை என்பதை அறிந்திருந்தாலோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தாலோ ஒழிய, பிரிவை மீறியவராகக் கருதப்பட மாட்டார் என்கிறது. மோட்டார் சட்டங்களில் இதற்கு நிகராகச் செதுக்கிய வாசகத்தை நான் கண்டதில்லை. யாரைக் காக்கிறது என்பதைப் பணியாளர் என்ற ஒரே சொல்லால் வரையறுக்கிறது. உரிமையாளரே ஓட்டினால் இந்தக் காப்பு அவருக்குக் கிடையாது. அறியாமையைக் காக்கிறது, அசட்டையைக் காக்கவில்லை. தெரிந்தே ஓட்டியவரைத் தப்ப விடவும் இல்லை. 2019இல் இந்தப் பிரிவு அடங்கிய அத்தியாயம் முழுவதையும் மாற்றி எழுதியபோதும் நாடாளுமன்றம் இந்தக் குறிப்பை அப்படியே தக்கவைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு வரிச் சட்டங்களிலும், கட்டும் கடமையைச் சொல்லும் பிரிவில் இத்தகைய நிதானம் ஒன்றும் இல்லை. வாகனங்களின் மீதான வரி அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 57ஆம் இனமாக வருகிறது; அந்த வரிகளின் கொள்கைகளோ பொதுப் பட்டியலின் 35ஆம் இனத்துக்குள் வருகின்றன. இரு அரசுகளும் கை வைக்கக்கூடிய இடத்தில் இந்தக் குறிப்பு விடுபட்டுக் கிடக்கிறது.

பிரிட்டனின் சட்டமும் ஒப்பிடத் தக்கது, அது முன்மாதிரி என்பதற்காக அன்று, அதே குறை அங்கேயும் வேறு வடிவில் இருப்பதற்காக. 1994ஆம் ஆண்டின் வாகன ஆயத்தீர்வை மற்றும் பதிவுச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி வரி கட்டாத வண்டியைப் பயன்படுத்துபவரும் வைத்திருப்பவரும் குற்றவாளிகளே. வேலைக்கு ஓட்டுகிறவர் பயன்படுத்துபவர் என்ற சொல்லுக்குள் வந்துவிடக் கூடியவர். இன்சூரன்ஸுக்கான 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமோ 143ஆம் பிரிவில், வேலையின் பொருட்டு ஓட்டிய, காப்பீடு இல்லாததை அறியாத பணியாளருக்குத் தெளிவான எதிர்வாதம் தருகிறது. வரிச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் அதற்கு இணையான வாசகம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பிரிட்டனின் கட்டமைப்பு நம்முடையதைவிடச் சீரானது. 30ஆம் பிரிவின்படி நிலுவை வரியைக் கட்டச் சொல்லும் ஆணையை, வண்டியை வைத்திருந்தவர் மீது மட்டுமே நீதிமன்றம் பிறப்பிக்க முடியும். ஓட்டுநருக்கு அபராதம் வந்தாலும் வரிக்கடன் வராது. நம் வாசகத்தில் கடனும் தண்டனையும் ஒரே சொற்றொடரைப் பற்றிக்கொண்டு நிற்பதால் அந்தப் பிரிவினை மங்கிப்போகிறது.

வருவாய்த் தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநரை விட்டுவிட்டால் உரிமையாளர்கள் வரி கட்டாமலே வண்டியை அனுப்புவார்கள், அகப்படும்போது தெரியாது என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள் என்பது அந்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் வரிக்கான உண்மையான ஈடு ஓட்டுநரின் சட்டைப் பையில் இல்லை, வண்டியில் இருக்கிறது. வரி கட்டாத வண்டியைத் தடுத்துவைக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டங்கள் ஏற்கெனவே தந்திருக்கின்றன. பதிவேடு உரிமையாளரின் பெயரைச் சொல்கிறது. ஓட்டுநரைக் கடனாளி வரிசையிலிருந்து நீக்குவதால் அரசுக்கு ஒரு ரூபாயும் குறையாது.

'தெரியாது' என்ற பதிலைப் பற்றிய அச்சமும் முன்பு இருந்த அளவுக்கு இன்று இல்லை. கடிதங்களும் ரசீதுகளும் முதலாளியின் பீரோவில் இருந்த காலத்தில் ஓட்டுநர் அறிவதற்கு வழி குறைவு. 2018 நவம்பரில் மைய விதிகள் திருத்தப்பட்டு, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டலாம் என்றான பிறகு, வண்டி எண்ணைத் தட்டினால் வரி எந்தத் தேதி வரை என்பது கைப்பேசியில் தெரிகிறது. இதனால் 146இன் அளவுகோலை வரிக்குக் கொண்டுவந்தாலும் அது தளர்ந்துவிடாது. 'நம்பக் காரணம்' என்பதன் எல்லை காலத்தோடு சேர்ந்து நகரும். நீண்ட நாள் ஒரே வண்டியை ஓட்டுபவரிடம் கூடுதலாகவும், நேற்று சாவி வாங்கியவரிடம் குறைவாகவும் எதிர்பார்ப்பது நீதிமன்றத்துக்குக் கடினமான காரியம் இல்லை. இந்த வசதி ஓட்டுநர் மீது கவனக் கடமை ஒன்றை ஏற்றுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கவனிக்கும் கடமை வேறு, கட்டும் கடமை வேறு.

என் தீர்ப்பு இது. இந்த வாசகம் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதில் நன்றாகச் செய்யப்பட்டது, யாரை விட வேண்டும் என்பதில் முடிக்கப்படாதது. சரியாகப் படித்தால் சம்பள ஓட்டுநர் கம்பெனி லாரியின் வரிக்கடனாளி ஆகமாட்டார். தெரிந்தே ஓட்டினால் அபராதத்துக்கு உரியவர் ஆகலாம். அப்போதும் நிலுவை அவருடையது ஆகாது. அப்படிப்பட்ட நிலுவையைக் கட்டிவிட்டு அவர் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் முதலாளிக்கும் சட்டத்தின் துணை கிடையாது. ஊதியப் பிடித்தம் எவற்றுக்காகச் செய்யலாம் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் பட்டியலிட்டது. முதலாளியின் சொந்த வரி அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. மாநிலங்கள் செய்ய வேண்டியது 146இன் விளக்கக் குறிப்பை, இன்சூரன்ஸ் என்ற இடத்தில் வரி என்று மாற்றி, தங்கள் சட்டங்களில் சேர்ப்பதுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அந்தக் குறிப்பும் தீர்க்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. தடுத்துவைத்த லாரியோடு ஓட்டுநரும் கிளீனரும் சேர்ந்தே நிற்கிறார்கள். பதிவு எண்ணை வைத்து உரிமையாளரை எதிர்த்தரப்பாகப் பதிவு செய்துவிட்டு ஓட்டுநரை அனுப்புவதா, பணம் வரும்வரை அவரைச் சாவடியில் உட்கார வைப்பதா என்பது இன்றும் அங்கிருக்கும் அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்தே அமைகிறது. அந்த நாள்களுக்கு ஊதியமும் பேட்டாவும் உரிமையாளரையே சேரும் என்று வரிச் சட்டத்திலேயே ஒரு துணைப்பிரிவு வேண்டும். தடுத்துவைக்கும் அதிகாரத்தை எழுதியவர்கள் அதன் செலவு யார் தலையில் விழும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.