பத்து ஆண்டு உழைத்தும் முன்னனுபவம் இல்லை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், வில்லியனூரைத் தாண்டியபின் வருகிறது திருபுவனை. மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த ஊர். சோழர் காலத்து வரதராஜப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது. கூட்டுறவு நூற்பாலை, தொழிற்பேட்டை, வர்ல்பூலின் சலவை இயந்திர ஆலை எல்லாம் இந்தப் பகுதியில்தான். சுற்றிலும் நெல்லும் கரும்பும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு வேலை தேடும் பெண்ணுக்கு இங்கே இரண்டு வழிகள் தெரியும்: நடவும் களையெடுப்பும் ஒன்று, கம்பெனி வேலை மற்றொன்று. வயல் வேலை ஆண்டில் சில மாதங்களோடு முடிந்துவிடும். அதனால் கம்பெனியைத்தான் முதலில் விசாரிப்பாள்.

தொழிற்பேட்டைகளில் அவளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: "காண்ட்ராக்டரைப் பாரும்மா." காண்ட்ராக்டர் மூலம் ஆள் எடுக்கும் இந்த முறையைத் தொழிற்சங்கத்தார் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவார்கள். நிர்வாகத்தார் காலத்துக்கேற்ற வசதி என்பார்கள். வேலை தேடும் தாயின் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டுமே பாதி உண்மை.

முதலில் அதன் நன்மையைச் சொல்லவேண்டும், அது சிறியதல்ல. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து, கல்யாணமாகி, ஏழெட்டு ஆண்டு வீட்டிலேயே இருந்த முப்பது வயதுப் பெண்ணை நேரடியாக வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் குறைவு. ஐடிஐ சான்றிதழ் கேட்பார்கள், வயது வரம்பு வைப்பார்கள், முன்னனுபவம் கேட்பார்கள். காண்ட்ராக்டர் கேட்பது ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், எந்த ஷிஃப்டுக்கு வரமுடியும் என்ற பதில், அவ்வளவே. சான்றிதழுக்குப் பதிலாக, ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் அண்டைவீட்டுப் பெண்ணின் வாக்கு போதும்: "எங்க தெரு அக்காதான், நல்லா செய்வாங்க." அடுத்த வாரமே வேன் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொள்கிறது. பிள்ளைக்கு அம்மை போட்டு ஒரு மாதம் நின்றுவிட்டாலும் மறுபடி கேட்டுப் போகலாம். காண்ட்ராக்ட் முறையை அடியோடு ஒழிக்கவேண்டும் என்று எழுதுபவர்கள், அப்படி ஒழித்த மறுநாள் இந்தப் பெண்ணை யார் எடுப்பார்கள் என்பதற்கும் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் இல்லாத கோரிக்கையை என்னால் முழு மனதோடு ஆதரிக்க முடியவில்லை.

ஆனால் குறை ஆழமானது. கூலி குறைவு, நிரந்தரம் இல்லை என்ற வழக்கமான புகார்களை நான் இங்கே விரிக்கப்போவதில்லை. அவை உண்மை, பலரும் எழுதியவை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முன்னனுபவம் கேட்காமல் உள்ளே விடும் இந்த முறை, அவள் எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் முன்னனுபவம் இல்லாதவளாகவே அவளை வெளியே அனுப்புகிறது.

காண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு முறையும் அவள் புதிய ஆள். பேக்கிங்கில் தொடங்கி அசெம்ப்ளி லைனுக்குப் போய், பிறகு தரம் பார்க்கும் இடத்துக்கு வந்து, புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருப்பாள். எந்தக் காகிதத்திலும் அது ஏறியிருக்காது. வருங்கால வைப்பு நிதியில் ஒருவருக்கு ஒரே எண் என்ற ஏற்பாடு 2014-இல் வந்தது. எத்தனை முதலாளி மாறினாலும் எண் மாறாது. நல்ல ஏற்பாடுதான். பணம் கட்டினால் அவள் எத்தனை மாதம் வேலை செய்தாள் என்பது அதில் தெரியும். என்ன வேலை செய்தாள் என்பது தெரியாது. இஎஸ்ஐ அட்டையும் அப்படியே. மூன்று ஆண்டு அனுபவமுள்ள தர ஆய்வாளர் தேவை என்று பக்கத்துக் கம்பெனியில் அறிவிப்பு வந்தால், பத்து ஆண்டு அதே வேலையைச் செய்தவள் விண்ணப்பிக்க வழியில்லை. மீண்டும் பேக்கிங், மீண்டும் தொடக்கக் கூலி.

நூறுநாள் வேலையை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த அந்த வேலையில் ஒவ்வொரு நாள் உழைப்பும் வருகைப் பதிவேட்டில் ஏறியது. வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அமர்த்தவேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஏரி தூர்வாரிய அந்தப் பதிவை எந்தக் கம்பெனியும் அனுபவமாக எடுத்துக்கொள்ளாது. கம்பெனி மதிக்கக்கூடிய வேலைக்கோ பதிவே கிடையாது.

இன்னொன்று. ஆள் பொறுக்கும் பொறுப்பைக் கைமாற்றும்போது பாகுபாட்டுக்கான பொறுப்பும் கைமாறிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிகளின் பங்கும் அதில் பேசப்பட்டது. நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமானவர்கள் என்றது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தாயாக இருப்பவளை யார் வேண்டாம் என்றார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதே இடையில் ஒரு கை வந்துவிட்டால் கடினமாகிவிடுகிறது.

சட்டம் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கு மத்திய அரசு 1971-இல் வகுத்த விதிகளே, வேலை முடியும்போது காண்ட்ராக்டர் பணிச் சான்றிதழ் தரவேண்டும் என்றன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், ஒப்பந்தத் தொழிலாளி செய்த வேலையின் விவரத்தோடு அனுபவச் சான்றிதழ் தரச் சொல்கிறது. என்ன வேலை செய்தாள் என்ற விவரம் வரவேண்டும் என்பதுதான் இதில் அருமையான பகுதி. ஆனால் இரண்டு ஓட்டைகள். கேட்டால்தான் தரவேண்டும். கேட்பது "நான் வேறு இடம் பார்க்கிறேன்" என்று சொல்வதற்குச் சமம், மறுநாள் வேன் அவளுக்காக நிற்காமல் போகலாம். மேலும், ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி பொருந்துவதற்கான எண்ணிக்கையை 20-லிருந்து 50-ஆக உயர்த்திவிட்டார்கள். கிராமத்துப் பெண்களை வேனில் ஏற்றிப்போகும் சிறு காண்ட்ராக்டர்கள் பலர் அந்த வரம்புக்குக் கீழேயே இருந்துவிடுவார்கள்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காண்ட்ராக்டரின் மாத பில்லை நிறைவேற்றுமுன் வைப்பு நிதி, இஎஸ்ஐ கட்டிய ரசீதுகளைக் கேட்டு வாங்குவது முறையாக நடக்கும் ஆலைகளில் இப்போதே உள்ள வழக்கம். விடுபட்டால் பிற்பாடு தங்கள் தலையில் விழும் என்பதால் கேட்கிறார்கள். அந்தக் கட்டில் இன்னொரு தாளையும் ஆலை கேட்கலாம்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெண்ணும் என்ன வேலை செய்தாள், எந்த இயந்திரத்தில் செய்தாள் என்று எழுதி, லைன் சூப்பர்வைசர் கையெழுத்திட்ட தாள். நகல் அவள் கைக்குப் போகவேண்டும், அவள் கேட்காமலே. சூப்பர்வைசருக்கு அரைமணி நேர வேலை. ஐம்பது பேர் என்ற வரம்பும் அதற்குக் குறுக்கே நிற்காது.